வில்லுக்கு ஆகாத மண்ணா இது?

ராமநாதபுரத்தில் ஓர் இளைஞன் மரத்தில் வில் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். மூன்று பேர் வந்து தடுப்பார்கள். புத்தகம் படித்தவர், "அதற்கு யூ மரம் வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு. நம்மிடம் ஏது?" என்பார். வில்வித்தைப் போட்டிகளைப் பார்த்தவர், "மூங்கிலை விட்டால் நமக்கு வேறு கதியில்லை, அதுவும் மலையிலிருந்து வர வேண்டும்" என்பார். ஊர்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "இங்க என்னப்பா இருக்கு? எல்லாம் கருவக்காடு. கரிமூட்டம் போடத்தான் லாயக்கு" என்று முடித்துவிடுவார். பேச்சுதான் வேறு வேறு. மூவரும் சொல்வது ஒன்றே: இந்தக் கரையில் வில்லுக்கு மரம் கிடையாது.

உண்டு என்கிறேன் நான். தாராளமாகவே உண்டு. பார்க்கத் தெரியாமல்தான் அடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் யூ மரத்தின் புகழ். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் உடலை 1982இல் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அந்தச் சிதைவில் நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. எல்லாம் யூ. நான்கு நூற்றாண்டுக்கு மேல் தண்ணீரில் கிடந்தும் உருக்குலையாத அந்த விற்கள் ஏற்கெனவே இருந்த எண்ணத்தைக் கல்வெட்டாக்கிவிட்டன. அதற்கு முன்பே, 1472இல், இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் சரக்கின் அளவுக்கேற்ப வில்கட்டைகளையும் ஏற்றிவர வேண்டும் என்று சட்டமே இருந்தது. "பார்த்தீர்களா, வில்லுக்குப் பேர்போன ஆங்கிலேயனே மரத்தை வெளியிலிருந்துதான் வாங்கினான்" என்று நம் படித்தவர் இதையே கடைசியாக எடுத்து வீசுவார்.

அவன் ஏன் வாங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை உள்ள போர்விற்கள் அவனுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. எல்லாம் ஒரே வார்ப்பில், குறுகலாக, நீளமாக, வேகமாகச் செய்து முடிக்கும்படி இருக்க வேண்டும். அது ஒரு பேரரசின் ராணுவக் கொள்முதல். அதை வைத்துக்கொண்டு, 40 பவுண்டு வில்லில் வைக்கோல் பொதியை நோக்கி அம்பு விடப் போகும் பரமக்குடிப் பையனுக்கு விதி எழுதுவது என்ன நியாயம்?

அந்தத் தீவிலேயே யூ இல்லாமல் வில் செய்தவர்களும் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டைச் சுற்றிவந்த ஜெரால்டு என்ற பாதிரியார், குவென்ட் பகுதி வில்லாளிகளின் வில் யூவில் செய்ததில்லை, எல்ம் மரத்தில் செய்தது, இழைத்து வழவழப்பாக்காத முரட்டு வில் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த முரட்டு வில்லிலிருந்து போன அம்புகள்தாம் அபெர்கவனி கோட்டையின் ஓக் கதவை ஏறக்குறைய ஒரு கையகலத் தடிமனுக்குத் துளைத்தன என்பதும் அவர் எழுதியதே. இன்னும் பின்னால் போனால், டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த விற்கள் ஏறக்குறைய 9000 ஆண்டுப் பழமையானவை. அவையும் எல்ம். அந்தக் காலத்தில் அங்கே யூ வந்து சேரவில்லை. இருந்த மரத்தை எடுத்து, அதற்கேற்ப வில்லின் கைகளை அகலமாகச் செதுக்கிக்கொண்டார்கள்.

அகலமாகச் செதுக்கிக்கொண்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வில்லின் விசைக்கு இரண்டு கணக்கு உண்டு. அகலத்தை இரட்டித்தால் விசை இரண்டு மடங்காகும். தடிமனை இரட்டித்தால் எட்டு மடங்காகும். ஆனால் வளையும்போது மரத்தின் நாரைப் பிய்ப்பது தடிமன். ஆகவே வலுக் குறைந்த மரத்துக்கு மருந்து எளிது: தடிமனைக் குறை, அகலத்தைக் கூட்டு, நீளத்தை அரையடி ஏற்று. அடர்ந்த மரத்துக்கு ஒன்றேகால் அங்குல அகலம் போதுமென்றால், லேசான மரத்துக்கு இரண்டு அங்குலம் கொடு. விசை வந்துவிடும், மரமும் பிழைத்துக்கொள்ளும். 1992இல் அமெரிக்காவில் 'டிரெடிஷனல் பௌயர்ஸ் பைபிள்' முதல் தொகுதி வந்தபோது அங்குள்ளவர்களை அசைத்ததும் இந்தக் கணக்குதான். அதன் பிறகு மரக்கடையில் வாங்கிய ஓக், மேப்பிள் பலகையில்கூட அங்கே வில் செய்கிறார்கள். நாம் மட்டும் இன்னும் யூ மரத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஏங்கினாலும் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கூடாது. இந்தியாவில் யூ இருப்பது இமயமலையில். அதன் பட்டையிலும் இலையிலும் புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள் இருப்பதால் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பிலுள்ள மரங்களின் பட்டியலிலும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக அதில் ஒரு கட்டை கேட்பவரை ரசிகர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூங்கில்காரரிடம் எனக்குப் பெரிய சண்டையில்லை. தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்ற பிரிவில், 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும், மூங்கிலும் மரமும் கொண்டு செய்த வில்லில்தான் எய்கிறார்கள். நல்ல வில், மலிவான வில். ஆனால் மூங்கில் விளையும் இடத்துக்காரருக்கு அது நாட்டு மரம். கடலோர மணலில் நிற்கும் நமக்கு அதுவும் இறக்குமதிதான். அந்தமான் பழங்குடிகளைப் பாருங்கள். அவர்கள் தங்கள் காட்டிலேயே வளரும் சூயி என்ற மரத்தில் வில் செய்தார்கள். வனத்துறையினர் அதை அந்தமான் வில்மரம் என்றே குறித்துவைத்தார்கள். அவரவர் மண்ணில் நிற்பதை எடுத்து அவரவர் வில்லைக் கண்டுபிடித்ததுதான் உலக வழக்கம்.

இனி கருவக்காட்டுக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் இந்தப் பேச்சைப் பேசுபவர் நம் ஆள்.

நாட்டுக் கருவையை எடுங்கள். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் நம் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் போன மரம் அது. காம்புக்குத் தேர்ந்தெடுக்கும் மரத்திடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? அடி விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்கி, வளைந்து, முறியாமல் திரும்ப வேண்டும். வில்லிடம் கேட்பதும் ஏறக்குறைய அதையே. நாட்டுக் கருவையின் அடர்த்தி ஓசேஜ் ஆரஞ்சை ஒட்டி வருகிறது. யூ அதற்குக் கீழே. கண்மாய்க்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவையை ஏலம் விடும்போது, மணிக்கட்டைவிடச் சற்றே பருமனான நேரான கிளைகள் விறகோடு விறகாகப் போகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே அந்த மரங்களில் கூடு கட்டுகிறவர்களுக்கு நம்மைவிட உரிமை அதிகம்.

சீமைக் கருவையோ நம் மாவட்டத்தின் வசவுச் சொல்லாகிவிட்டது. 1870களில் மதராஸ் மாகாணத்துக்கு விதை வந்தது, பிற்பாடு விறகுக்காக வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது, 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நிலத்துக்கு அது செய்த கேட்டை நான் மறுக்கவில்லை. வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பின் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. அதன் அமெரிக்க உறவான மெஸ்கிட் மரம் காயும்போது கன அளவில் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் சுருங்கும். பல கடின மரங்கள் 12, 15 விழுக்காடு சுருங்கும். சுருக்கம் குறைந்தால் வெடிப்பு குறையும், முறுக்கலும் குறையும். நம் சீமைக் கருவையிலும் மரச்சாமான் செய்பவர்கள் மெச்சும் குணம் இதுவே. ஒரு கடினமரம், காசில்லாமல், வெட்டினால் நன்றி சொல்வார்கள் என்ற நிலையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு "மரமில்லை" என்கிறோம்.

"கோணல் மரம் சார், ஐந்தடி நேராக எங்கே கிடைக்கும்?" என்பது நியாயமான கேள்வி. அடியிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து முறுக்கிக்கொண்டு போகும் மரம்தான் அது. ஆனால் வில் முழுவதும் ஒரே கட்டையாக இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? மூன்றடிக் கட்டை இரண்டை எடுத்து, பிடி வரும் இடத்தில் இரண்டையும் பல்பல்லாக அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, அரால்டைட் போட்டு இறுக்கி, மேலே நூல் சுற்றிவிட்டால் தீர்ந்தது. பிடி வளையாத பகுதி, அங்கே ஒட்டு தாங்கும். வெளிநாட்டு வில் தச்சர்கள் நீண்ட கட்டை கிடைக்காதபோது இப்படித்தான் செய்கிறார்கள். மூட்டத்துக்குப் போகும் லோடில் மூன்றடி நேர்க்கட்டைக்குப் பஞ்சமே இல்லை. வெட்டிய அன்றே பட்டையை உரிக்க வேண்டும், முனைகளில் பெயின்டோ மெழுகோ பூச வேண்டும். பட்டையை விட்டுவைத்தால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும், முனையை மூடாவிட்டால் காயும்போது வெடிக்கும். ஆசாரியைக் கேட்டால் இதைவிட அதிகம் சொல்வார்.

பனைக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் வில்லுக்கு எதைத் தேர்வாய் என்று கேட்டால் என் முதல் விரல் பனையை நோக்கித்தான் நீளும். நிற்கும் பனையை அல்ல. அதை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, இருப்பதும் நியாயம். நான் சொல்வது பனங்கை. முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை என்று எங்கே போனாலும் பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து மாடி கட்டுகிறார்கள். கூரையிலிருந்து இறங்கும் பனங்கைகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். ஐம்பது, அறுபது வருடம் நிழலில் உலர்ந்த மரம். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு பதப்படுத்தலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்புறம் கறுத்து, இரும்புபோல் வைரம் ஏறியிருக்கும். உட்புறம் போகப் போக நிறம் வெளுத்து, சோறு தட்டுப்படும். குறுக்கே அறுத்த முகத்தில் கறுப்புப் புள்ளிகள் வெளியோரம் நெருக்கமாகவும் உள்ளே கலைந்தும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் அடிமுதல் நுனிவரை ஓடும் ஒரு நார்க்கற்றையின் வெட்டுவாய். மற்ற மரங்களில் ஆண்டு வளையத்தைத் தாண்டி உளி இறங்கிவிட்டால் வில்லின் முதுகு பிளக்கும் என்று பயந்து பயந்து வேலை செய்ய வேண்டும். பனையில் வளையமே கிடையாது. வெளிமுகத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, உள்முகத்தை மட்டும் வாய்ச்சியாலும் இழைப்புளியாலும் எடுத்துக்கொண்டே போகலாம். சோறு முழுவதும் போய், பிடியருகே முக்கால் அங்குலமும் குதையருகே அரை அங்குலத்துக்குக் கீழும் வைரம் மட்டும் மிஞ்ச வேண்டும். ஆணித் துளை இருந்தால் அந்தக் கை வேண்டாம், வேறொன்று எடுங்கள். உப்புத்தாள் போடும்போது கையுறை அணியுங்கள், பனஞ்சிராய் ஏறினால் ராத்திரி தூக்கம் இருக்காது. முதுகில் நார் கிளம்பாமலிருக்கச் சாண் இடைவெளியில் பருத்தி நூலைச் சுற்றிக் கட்டுவது நல்லது.

பனைவகை மரத்தில் வில்லா என்று கேட்பவர் அமேசான் காட்டையும் நியூகினியையும் பார்க்கட்டும். இரண்டு இடத்திலும் பனைக்குடும்ப மரங்களின் கருவைரத்தில்தான் காலங்காலமாக வில் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போகப் பிடிக்காவிட்டால் தெற்கே போய் வில்லுப்பாட்டுக்காரரைக் கேளுங்கள். குடத்தோடு கட்டி வீசுகோலால் அடிக்கும் அந்தப் பெரிய வில்லைப் பனை வைரத்தில் செய்யும் வழக்கம் உண்டு. அம்பு விடாத வில்தான், ஆனால் நாணை இழுத்துக் கட்டி மணிக்கணக்கில் அடிக்கிறார்கள், தாங்குகிறது.

பூவரசைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவையளவு அடர்த்தி இல்லை, ஆகவே அகல வில்லாகச் செய்ய வேண்டும். பசிபிக்கின் தாகித்தித் தீவில் தலைவர்கள் சடங்காக நடத்திய வில்போட்டிக்குப் பூவரசின் குடும்பத்தைச் சேர்ந்த, கடலோரத்தில் வளரும் நீர்ப்பருத்தி மரத்தில்தான் வில் செய்தார்கள். ராமேசுவரத்துத் தெருக்களில் வேலியோரம் நிற்கும் பூவரசில் ஒரு நேரான கிளை போதும். சவுக்கு வேண்டாம். கனம் இருக்கிறது, ஆனால் காயும்போது பிளக்கிறது, திருகுகிறது. புளியும் வேம்பும் உலக்கைக்கும் பெட்டிக்கும் சரி, அவற்றின் நார் ஓட்டம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போவதால் வில்லுக்கு வம்பு. சந்தேகம் வந்தால் சோதனை ஒன்றுண்டு. காய்ந்த மரத்தில் அரை அங்குலத் தடிமனில் ஒரு சட்டம் அறுத்து, முறியும் வரை வளைத்துப் பாருங்கள். நீளநீளமாகச் சிலும்பிக்கொண்டு முறிந்தால் நல்ல மரம். முள்ளங்கிபோல் பட்டென்று குறுக்கே ஒடிந்தால் அடுப்புக்கு.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றே ஒன்று: கடல் காற்று. அதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது வேடிக்கை. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலேயே நின்றால் மரத்தின் உள்ளீரமும் 16 விழுக்காட்டை ஒட்டி ஏறிவிடும். வில்லுக்கு ஏற்றது 8 முதல் 10 விழுக்காடு. ஈரம் கூடினால் வில் சோம்பும், இழுத்துவிட்டால் வளைந்தபடியே நிற்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் வாடைக் காற்றுக் காலத்தில் இது நிச்சயம் நடக்கும். ஆனால் யூ வில்லைக் கொண்டுவந்து தனுஷ்கோடியில் வைத்தாலும் காற்று அதற்குச் சலுகை காட்டாது. கட்டையை மழை முடிந்து தை, மாசியில் வெட்டுங்கள். நிழலில் உலர விடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் உள்நாட்டுப் பக்கம் வைத்துச் செதுக்கி முடியுங்கள். பிறகு வில்லின் உள்முகத்தைக் கரி நெருப்புக்கு ஒரு சாண் மேலே காட்டி, இளம்பழுப்பு ஏறும் வரை மெல்லச் சுட வேண்டும். சூடு ஈரத்தை விரட்டும், அமுக்கத்தைத் தாங்கும் முகத்தை இறுக்கும். சுட்ட வில்லை உடனே வளைக்காமல் சில நாள் ஆறப்போட்டு, பிறகு நாணேற்றுங்கள். நல்ல கரிக்கு நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை, ராமநாதபுரத்துக் கரி ஊர் ஊராகப் போகிறது.

"தோணி கட்டவே கேரளத்திலிருந்துதானே மரம் வந்தது?" என்று கடற்கரைக்காரர் ஒருவர் மடக்கலாம். உண்மைதான். தோணிக்கும் கட்டுமரத்துக்கும் வேண்டியது பருத்த, மிதக்கும் தடி. வறண்ட நாட்டில் அது விளையாது. வில்லுக்கு வேண்டியது ஐந்தரை அடி நீளத்தில், மெல்ல வளர்ந்த, நெருங்கிய நாருள்ள ஒரு சட்டம். தண்ணீர் குறைந்த மண்ணில் மெல்ல வளரும் மரம் இறுகி நிற்கிறது. அந்த வேலைக்கு இந்த வறட்சி ஒரு குறையே இல்லை.

இன்னொரு கூட்டம் நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். கோதண்டராமர் கோயில் நிற்கிற மண்ணாயிற்றே, அந்தக் கோதண்டம் எந்த மரம், அந்த ரகசியம் எந்த ஓலையில் இருக்கிறது என்று தேடுவார்கள். இவர்களும் யூ பக்தர்களின் பங்காளிகள்தாம். கையெட்டும் மரத்தைத் தொடாமலிருக்க இவர்களுக்கும் ஒரு புனிதக் காரணம் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் இந்த வம்பெல்லாம் இல்லாதவன். காட்டில் கிடந்த குமிழங்கொம்பை எடுத்தான், மரல் நாரை முறுக்கிக் கட்டினான், வில்யாழ் ஆயிற்று. அந்த மரலை இன்று மருள் என்கிறோம். அறிவியல் பெயரில் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தச் செடி இந்தக் கிழக்குக் கடற்கரைப் புதர்க்காடுகளுக்குச் சொந்தமானது. அதன் நார் நெடுங்காலம் இந்தியாவில் வில்நாணாகவே பயன்பட்டது. நாணுக்குக்கூட வெளியே போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். முதல் வில்லுக்கு நைலான் கயிறு கட்டாதீர்கள், அது இழுபடும். மருள் நார் முறுக்கத் தெரியும் வரை நல்ல பாலியெஸ்டர் தையல் நூலைப் பல இழையாகத் திரித்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வளரி என்ற எறிதடி இருந்தது. சின்ன மருது தனக்கு அதை எறியக் கற்றுத்தந்ததை ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கையால் எறிவதற்கு மரத்தை எடைபார்த்துச் செதுக்கிய கைகள் இருந்த நாடு இது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளிடம் "உன் ஊரில் மரமில்லை" என்று சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

பள்ளிகளில் வில்வித்தை சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவருக்குக் கண்ணாடியிழை வில் வாங்கப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊர் ஆசாரி ஒருவரை வரச்சொல்லுங்கள். ஒரு பழைய பனங்கையும், மூட்டத்துக்குப் போகும் லோடிலிருந்து மூன்றடிக் கருவைக் கட்டை இரண்டும் வாங்குங்கள். முதல் வில் முறியும், இரண்டாவதும் முறியலாம், அதற்காக மரத்தின்மேல் பழி போடாதீர்கள். இழுக்கும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது, அம்பில்லாமல் நாணை விடக் கூடாது, பறவை விலங்கின் பக்கம் திருப்பவே கூடாது. 30 பவுண்டில் தொடங்குங்கள்.